ஜெர்மனியில் படிக்கப் போகிறவர்களுக்கு: பப்ளிக் காப்பீடா, பிரைவேட்டா, பல்லை எங்கே பார்ப்பது?

ஜெர்மனியில் அட்மிஷன் கிடைத்து, ஒரு வருடச் செலவுக்கென்று போட்டு, மாதா மாதம் பிரித்து எடுக்கும் ப்ளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோவைப் போட்டுவிட்டு விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: மருத்துவக் காப்பீட்டை பப்ளிக்கில் எடுப்பதா, பிரைவேட்டிலா? கேட்பதில் நியாயம் இருக்கிறது. பப்ளிக் மாதம் 145 யூரோவை ஒட்டி வருகிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே விற்கும் பிரைவேட் பாலிசிகள் 30, 35 யூரோவிலேயே தொடங்குகின்றன. மாதம் 110 யூரோ வித்தியாசம் என்றால் இரண்டு வருட மாஸ்டர்ஸுக்கு 2,640 யூரோ. யூரோ நூறு ரூபாயைச் சுற்றி நிற்கும் காலத்தில் இது இரண்டரை லட்சத்துக்கு மேல். கல்விக் கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பும் வீட்டுக்கு இது சின்னத் தொகை இல்லை.

ஆனாலும் 30 வயதுக்குள் பட்டப்படிப்பில் சேர்கிறவர்களுக்கு நான் பப்ளிக்கைத்தான் சொல்கிறேன். மாதத் தவணையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிரைவேட்தான் ஜெயிக்கும். உடம்புக்கு ஏதாவது வந்தால் கையை விட்டுப் போகும் பணம், படிப்பு முடிந்த பிறகு திறக்கும் அல்லது மூடும் வழிகள், பல் வைத்தியம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறிவிடுகிறது.

முதலில் அந்த 145 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஜெர்மனியில் மாணவர்களுக்கான தவணை உங்கள் வருமானத்தை வைத்து வருவதில்லை. அரசு அங்குள்ள மாணவர்களுக்குத் தரும் உதவித்தொகையின் அடிப்படைத் தொகையை வைத்துப் போடுகிறார்கள். 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து அது 855 யூரோ. அதில் 10.22 சதவீதம் அடிப்படைத் தவணை, அதாவது 87 யூரோவும் சில்லறையும். இது எல்லா நிறுவனத்திலும் ஒன்றுதான். அதற்கு மேல் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு கூடுதல் சதவீதம் வைத்திருக்கும். அப்புறம் முதுமையிலோ நோயிலோ பராமரிப்புக்கான காப்பீடு. இதில் 23 வயது தாண்டி குழந்தை இல்லாதவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டும். எல்லாம் சேர்ந்து 2025 கணக்குப்படி 140-லிருந்து 150 யூரோ வரை. டிகே, ஏஓகே, பார்மர், டிஏகே என்று எந்த பப்ளிக் நிறுவனத்தை எடுத்தாலும் மாதத்துக்குச் சில யூரோதான் வித்தியாசப்படும். கொடுக்கும் சிகிச்சையும் சட்டப்படி ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே எந்த பப்ளிக் நிறுவனம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆங்கிலத்தில் பேச ஆள் இருக்கிறதா, உங்கள் ஊரில் அலுவலகம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இதற்கு என்ன கிடைக்கிறது? டாக்டரிடம் போனால் கார்டை நீட்டுகிறீர்கள், பில் உங்களிடம் வராது. மருந்துக்கு ஒரு பொருளுக்கு 5 முதல் 10 யூரோ. ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு 10 யூரோ, வருடத்தில் அதிகபட்சம் 28 நாளைக்கு. ஆம்புலன்ஸுக்கு 10 யூரோவுக்கு மேல் போகாது. குடல்வால் வெடித்து ஐந்து நாள் படுத்திருந்தாலும் உங்கள் பங்கு 60 யூரோவோடு நின்றுவிடும். இந்தச் சின்னச் செலவுகளுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு: வருட வருமானத்தில் 2 சதவீதம், நீண்டகால நோய் உள்ளவர்களுக்கு 1 சதவீதம். தைராய்டு, ஆஸ்துமா, டைப் 1 சர்க்கரை என்று தினமும் மருந்து எடுக்கும் பிள்ளைகளுக்கு இந்த 1 சதவீத விதி பெரிய ஆறுதல். அதைவிட முக்கியமாக, பப்ளிக்கில் சேரும்போது உங்கள் பழைய நோய்களை யாரும் கேட்கமாட்டார்கள். முதல் நாளிலிருந்தே எல்லாவற்றுக்கும் காப்பு உண்டு. கல்யாணமானவராக இருந்து, மனைவியோ கணவரோ உடன் வந்தால், அவருக்குத் தனி வருமானம் இல்லாதவரை அதே தவணையில் அவரும் குழந்தைகளும் இலவசமாகச் சேர்ந்துகொள்வார்கள்.

இனி மலிவு பிரைவேட் பாலிசி. பயணக் காப்பீட்டைக் கொஞ்சம் நீட்டி மாணவர் பாலிசி என்று விற்கிறார்கள். ஏற்கெனவே இருந்த நோய்க்குப் பணம் கிடையாது. மனநல சிகிச்சைக்கு இல்லை, இருந்தால் சில அமர்வுகளுக்குத்தான். பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம். பல்லுக்கு வலி நீக்கும் சிகிச்சையும் சாதாரண அடைப்பும் (ஃபில்லிங்) மட்டும், அதற்கும் ஓர் உச்சத் தொகை. பில் முதலில் உங்கள் பெயருக்கு வரும். நீங்கள் கட்டிவிட்டு, தாள்களை அனுப்பி, பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். பிரைவேட் நோயாளிக்கு ஜெர்மன் டாக்டர்கள் போடும் பில்லுக்குத் தனி கட்டணப் பட்டியல் உண்டு. அடிப்படை விலையை சாதாரணமாக 2.3 மடங்கு வரை பெருக்கிப் போடலாம். காரணம் எழுதினால் 3.5 மடங்கு வரை. உங்கள் பாலிசி எத்தனை மடங்கு வரை தருகிறது என்பது பாலிசித் தாளின் உள்ளே எங்கோ இருக்கும். அதற்கு மேல் போனது உங்கள் பாக்கெட்டில் இருந்துதான். ப்ளாக்டு அக்கவுண்டிலிருந்து வரும் மாதம் 992 யூரோவில் வாழும் ஒருவர் 600 யூரோ பில்லைக் கையிலிருந்து கட்டிவிட்டு ஆறு வாரம் காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

பிரைவேட்டில் இன்னொரு வகையும் உண்டு. ஜெர்மன் நிறுவனங்கள் மாணவர்களுக்கென்று வைத்திருக்கும் முழுமையான பாலிசி. அது தரமானது, பில்லையும் ஒழுங்காகத் திருப்பித் தருவார்கள். ஆனால் சேரும்போது உடல்நிலைக் கேள்விகள் உண்டு. பல், பிரசவம், மனநலம் ஆகியவற்றுக்கு எட்டு மாதம் வரை காத்திருப்பு வைக்கலாம். விலையும் பப்ளிக்கை நெருங்கிவிடும். 30 வயதுக்குள் இருப்பவருக்கு இதில் லாபம் அதிகம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தில் சேர, உங்கள் காப்பீட்டு நிலையை ஒரு பப்ளிக் நிறுவனம்தான் மின்னணு முறையில் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பிரைவேட் எடுத்தவர்களும் இதற்காக பப்ளிக் நிறுவனத்திடம் போய்த்தான் ஆக வேண்டும். அங்கே "எனக்கு பிரைவேட் இருக்கிறது, பப்ளிக்கிலிருந்து விலக்கு கொடுங்கள்" என்று கேட்டு வாங்குகிறீர்களே, அந்த விலக்கு அந்தப் படிப்பு முடியும்வரை செல்லும். திரும்பப் பெற முடியாது. படிப்பு தொடங்கி மூன்று மாதத்துக்குள் விலக்குக் கேட்க உரிமை உண்டு. கொடுத்த பிறகு மனம் மாறினாலும், நோய் வந்தாலும், கல்யாணம் ஆனாலும் பப்ளிக்குக்குள் மாணவராகத் திரும்ப வழியில்லை. முதல் செமஸ்டரில் காசு மிச்சம் பிடிக்கலாம், பிறகு மாறிக்கொள்ளலாம் என்று ஏஜெண்ட் சொன்னால் நம்பாதீர்கள். அந்த வரிசை தலைகீழ்: பப்ளிக்கில் தொடங்கியவருக்கு அந்த மூன்று மாத அவகாசம் இருக்கிறது, பிரைவேட்டில் தொடங்கியவருக்கு எதுவும் இல்லை.

படிப்பு முடிந்த பின்னாலும் இது தொடர்கிறது. ஜெர்மனியில் பட்டம் வாங்கியவர்களுக்கு வேலை தேட 18 மாதம் வரை அனுமதி உண்டு. பப்ளிக்கில் இருந்தவர் அந்தக் காலத்தில் விருப்ப உறுப்பினராகத் தொடரலாம். மாதம் 250 யூரோவைத் தாண்டும், வலிக்கத்தான் செய்யும், ஆனால் கதவு திறந்திருக்கும். பிரைவேட்டில் இருந்தவர் முறையான வேலை கிடைக்கும்வரை பப்ளிக் பக்கம் வர முடியாது. அதுவரை பிரைவேட்டே துணை. குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போது பல ஊர்களில் வெளிநாட்டவர் அலுவலகம் மலிவு பாலிசிகளைப் போதாது என்று திருப்பி அனுப்பவும் செய்கிறது. அப்போது அவசரமாக வேறொன்று தேடி அலையும் பிள்ளைகளைப் பார்க்க மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சரி, பிரைவேட் யாருக்கு? 30 வயதைத் தாண்டி இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவருக்கு வேறு வழியில்லை. மாணவர் தவணை 30-உடன் முடிந்துவிடுகிறது, முன்பு ஐரோப்பாவில் பொதுக் காப்பீட்டில் இருந்திராதவருக்கு விருப்ப உறுப்பினராகவும் முடியாது. அவர் மலிவு பாலிசியைத் தவிர்த்து முழுமையான பிரைவேட் பாலிசியைப் பார்க்க வேண்டும். மொழி வகுப்பு, ஸ்டூடியன்கோலெக் போன்ற முன்தயாரிப்பில் இருப்பவர்களுக்கும், வேலை ஒப்பந்தம் இல்லாமல் உதவித்தொகையில் முனைவர் படிப்பு செய்பவர்களுக்கும் மாணவர் தவணை கிடையாது. முன்தயாரிப்பில் இருப்பவர் பட்டப்படிப்பில் சேரும் நாளில் பப்ளிக்குக்கு மாறிக்கொள்ளலாம், அங்கே விலக்கு மட்டும் வாங்கிவிடக் கூடாது. இன்னொன்று: பப்ளிக் காப்பு பொதுவாக செமஸ்டர் தொடங்கும் அக்டோபர் 1 அல்லது ஏப்ரல் 1-இல்தான் ஆரம்பம். செப்டம்பர் நடுவில் விமானம் ஏறினால் அந்த இடைவெளிக்கு ஒரு பயணக் காப்பீடு கையில் இருக்க வேண்டும்.

ஜெர்மனியா, பிரிட்டனா என்று இன்னும் யோசிப்பவர்களுக்கு

பிரிட்டனில் இந்தத் தேர்வே இல்லை. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே சுகாதாரக் கட்டணம் கட்டியாக வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து மாணவர்களுக்கு வருடம் 776 பவுண்டு. ஒரு வருட மாஸ்டர்ஸுக்கு விசா 16 மாதத்துக்கு மேல் வருவதால் ஒன்றரை வருடக் கணக்காகி 1,164 பவுண்டு, அதுவும் மொத்தமாக முன்கூட்டியே. டாக்டர், ஆஸ்பத்திரி இலவசம். பல் இலவசம் இல்லை: இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் கட்டணப்படி பரிசோதனைக்கு 27.40, அடைப்போ வேர்ச் சிகிச்சையோ (ரூட் கெனால்) என்றால் 75.30, கேப் போட்டால் 326.70 பவுண்டு. இந்த விலை நல்ல விலைதான். புதிய பெரியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் அரசுப் பல் மருத்துவர் கிடைப்பதுதான் கடினம். கிடைக்காவிட்டால் பிரைவேட் விலை. ஸ்காட்லாந்து வேறு மாதிரி: 2021 ஆகஸ்டிலிருந்து 26 வயதுக்குள் உள்ளவர்களுக்கு அரசுப் பல் சிகிச்சை இலவசம், மருந்தும் இலவசம். எடின்பரோ, கிளாஸ்கோ அட்மிஷன் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் 22 வயதுப் பிள்ளைக்கு இது கணக்கில் சேர வேண்டிய விஷயம். ஆஸ்திரேலியாவில் கட்டாயமாக எடுக்கும் மாணவர் காப்பீட்டில் பல் சேராது, தனியாக எடுக்க வேண்டும்.

பல்: ஊரிலேயே முடிப்பதா, அங்கே பார்ப்பதா, விடுமுறைக்கு வரும்போதா?

வெளிநாட்டில் மாணவர் பட்ஜெட்டைப் பெரும்பாலும் பதம் பார்ப்பது பல்தான். காய்ச்சலுக்கும் கை முறிவுக்கும் காப்பீடு நின்றுவிடும். பல்லில்தான் எல்லா நாட்டிலும் ஓட்டை இருக்கிறது.

என் முதல் யோசனை: கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே, ஷாப்பிங் தொடங்கும் முன், ஒரு பல் மருத்துவரிடம் போய் முழு வாய் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். வலி இல்லை என்பது சொத்தை இல்லை என்பதற்கு அடையாளம் ஆகாது. நம்மூரில் வேர்ச் சிகிச்சை சில ஆயிரம் ரூபாயில் முடிகிறது. அதன் மேல் போடும் கேப்புக்கு உலோகமா செராமிக்கா என்பதைப் பொறுத்து இன்னும் சில ஆயிரம், நல்ல ஜிர்கோனியா என்றால் பத்தாயிரத்தைத் தாண்டலாம். சென்னையில் கோட்டை ரயில் நிலையம் பக்கம் இருக்கும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியிலும், தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இதைவிடக் குறைவு, ஆனால் நேரம் எடுக்கும். மூன்று மாதம் என்று சொல்வது அதற்காகத்தான். வேர்ச் சிகிச்சை இரண்டு மூன்று முறை போக வைக்கும். கேப் செய்து வர நாள் ஆகும். ஞானப் பல் எடுத்தால் புண் ஆற வேண்டும். கிளம்பும் வாரத்தில் தற்காலிக அடைப்போடு விமானம் ஏறுவது மோசமான யோசனை. அடைபட்ட காற்று உயரத்தில் விரிந்து பல்லைக் குடையும், இறங்கிய ஊரில் உங்களுக்கு டாக்டரும் தெரியாது. எக்ஸ்ரேயையும் செய்த சிகிச்சையின் குறிப்பையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனி போன பிறகு பப்ளிக்கில் இருந்தால் பல்லுக்கு நிலைமை பலர் நினைப்பதைவிட நல்லது. வருடத்துக்கு இரண்டு பரிசோதனை இலவசம். வருடம் ஒருமுறை பற்காரை எடுப்பது இலவசம். சாதாரண அடைப்பு, பல் பிடுங்குவது, ஞானப் பல் எடுப்பது, மரத்துப்போகும் ஊசி எல்லாம் காப்பீட்டில் அடங்கும். வேர்ச் சிகிச்சைக்கு நிபந்தனை உண்டு: பல் காப்பாற்றத் தகுந்ததாக இருக்க வேண்டும், கடைவாய்ப் பல் என்றால் விதி இன்னும் இறுக்கம். டாக்டர் "இதற்குக் கூடுதலாக இவ்வளவு" என்று ஒரு தாளை நீட்டினால் கையெழுத்துப் போடுவதற்கு முன், "காப்பீட்டு முறையில் செய்தால் என்ன ஆகும்?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. வரவேற்பில் சொல்லும் 'தொழில்முறை க்ளீனிங்' பெரும்பாலும் 80 முதல் 120 யூரோ, அது காப்பீட்டில் கட்டாயம் இல்லை; சில நிறுவனங்கள் ஒரு பகுதியைத் தருகின்றன. அவசியம் என்று யாராவது அழுத்தினால், இலவசமான காரை எடுப்பு ஏற்கெனவே உங்களுக்கு இருக்கிறது என்று நினைவில் வையுங்கள்.

கேப், பாலம், பல் செட் ஆகியவற்றில்தான் செலவு. ஜெர்மனியில் ஒரு செராமிக் கேப் சாதாரணமாகப் பல நூறு யூரோ. ஆயிரத்தைத் தொடுவதும் உண்டு. பப்ளிக் நிறுவனம் அடிப்படைச் சிகிச்சையின் செலவில் 60 சதவீதத்தை நிலையான மானியமாகத் தரும். பரிசோதனைகளைப் பதிந்துவரும் போனுஸ்ஹெஃப்ட் என்ற சின்னப் புத்தகத்தில் தொடர்ந்து ஐந்து வருடம் பதிவு இருந்தால் 70, பத்து வருடம் இருந்தால் 75. ஐந்து வருடம் என்றால் மாணவருக்கு எட்டாது என்று தோன்றும். மாஸ்டர்ஸ் இரண்டு மூன்று வருடம், பிறகு வேலை இரண்டு வருடம், அவ்வளவுதான். போன முதல் வருடமே பரிசோதனைக்குப் போய்ப் பதிவைத் தொடங்குங்கள்.

இதைவிடப் பெரிய உதவி ஒன்று இருக்கிறது, நம் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு அது தெரிவதில்லை. ஹெர்டெஃபால் விதி. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு அந்த மானியத்தை 100 சதவீதம் வரை உயர்த்தித் தருவார்கள். அடிப்படைச் சிகிச்சைக்கு உங்கள் பங்கு எதுவும் இருக்காது. 2025-இல் தனி ஆளுக்கு மாத வருமான வரம்பு 1,498 யூரோ. ப்ளாக்டு அக்கவுண்டின் 992 யூரோவில் வாழ்பவரும், வாரம் இருபது மணி நேரம் வேலை பார்த்து ஆயிரத்துச் சொச்சம் வாங்குபவரும் இந்த வரம்புக்குள் வரக்கூடியவர்கள்தான். வருமானச் சான்று கேட்பார்கள், கொடுங்கள். அடிப்படைச் சிகிச்சை என்பதில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: சிரித்தால் தெரியும் முன்பக்கப் பற்களுக்கு வெள்ளை முகப்பு வரும், பின் கடைவாய்க்கு வெறும் உலோகக் கேப். அங்கும் வெள்ளை வேண்டும் என்றால் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். இதற்கெல்லாம் விண்ணப்பம் சிகிச்சைக்கு முன்பே போக வேண்டும். டாக்டர் ஒரு செலவுத் திட்டத்தைத் தயாரித்து நிறுவனத்துக்கு அனுப்புவார், அவர்கள் ஒப்புதல் தந்த பிறகுதான் பல்லில் கை வைக்க வேண்டும். செய்து முடித்துவிட்டுக் கேட்டால் கிடைக்காது. பல் மருத்துவம் கற்பிக்கும் பல்கலைக்கழக மருத்துவமனை உள்ள ஊரில் இருந்தால், மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்யும் சிகிச்சையைப் பற்றியும் விசாரியுங்கள். நேரம் அதிகம், உங்கள் பங்கு குறைவு.

மலிவு பிரைவேட்டில் இருப்பவருக்கு இதில் எதுவும் இல்லை. மாதா மாதம் மிச்சமான 110 யூரோவை அவர் பல்லுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தால் சமாளிக்கலாம். அப்படி எடுத்து வைப்பவர்கள் குறைவு.

விடுமுறைக்கு ஊர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது மூன்றாவது வழி. பல்லுக்காகவே டிக்கெட் எடுத்தால் லாபம் இல்லை, போக வர விமானச் செலவிலேயே ஒரு கேப் வந்துவிடும். எப்படியும் ஊருக்கு வரப் போகிறீர்கள், மூன்று நான்கு வாரம் இருப்பீர்கள் என்றால் செராமிக் கேப், பழைய கேப் மாற்றுவது, ஹெர்டெஃபால் வரம்பைத் தாண்டிச் சம்பாதிப்பவரின் அழகு சார்ந்த வேலைகள் ஆகியவற்றுக்கு நம்மூர்தான் சிறந்தது. வந்து இறங்கிய வாரத்திலேயே தொடங்குங்கள், கடைசி வாரம் சரிபார்க்கக் கையில் இருக்கட்டும். இம்ப்ளாண்ட் என்றால் யோசியுங்கள்: எலும்பில் பதித்துவிட்டு அது பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம் காத்திருந்துதான் மேலே பல் வைப்பார்கள். ஆகவே இரண்டு பயணம் வேண்டும், நடுவில் ஏதாவது ஆனால் பதித்த டாக்டர் ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பார். பதித்த இம்ப்ளாண்டின் நிறுவனம், அளவு, வரிசை எண் எழுதிய அட்டையை வாங்காமல் க்ளினிக்கை விட்டு வெளியே வராதீர்கள். அது இல்லாமல் அங்கிருக்கும் டாக்டர் திருகாணியைக்கூடத் திறக்கத் தயங்குவார்.

வலியோடு சொத்தை இருந்தால் மட்டும் விடுமுறை வரை தள்ளிப் போடாதீர்கள். ஜூலையில் ஓர் இலவச அடைப்போடு முடிந்திருக்கும் பல், டிசம்பரில் வேர்ச் சிகிச்சைக்கும் கேப்புக்கும் வந்து நிற்கும்.